டைம் ட்ரையல் ஓடிக் காட்டச் சொல்றவங்களுக்கு ஒரு திறந்த மடல்

செலக்‌ஷன் கமிட்டியில இருக்கற சார், மேடம் எல்லாருக்கும், அப்பறம் ட்ராக் ஓரமா ஸ்டாப்வாட்ச்சோட நிக்கற கோச்சுகளுக்கும் வணக்கம்.

நான் 800 மீட்டர் ஓடறவ, அப்பப்ப 1500-ம் ஓடுவேன். இந்த சீசன் ஆரம்பத்துல ரேஸ் எல்லாம் நல்லா போச்சு, நடுவுல முழங்காலுக்கு கீழ எலும்புல ஸ்ட்ரெஸ் ஃப்ராக்சர் (திரும்பத் திரும்ப அழுத்தம் விழுந்து எலும்புல வர்ற சின்ன விரிசல்), அதுக்கப்பறம் மிச்ச சீசன் பூரா "எப்ப ஓடிக் காட்டுவ?"ங்கற ஒரே கேள்வி. அந்த கேள்விய பத்திதான் இந்த லெட்டர். யார் பேரையும் இழுக்கல, எந்த ட்ராக்குல போய் எந்த மிடில் டிஸ்டன்ஸ் ரன்னர கேட்டாலும் கிட்டத்தட்ட இதே கதைதான் வரும்.

முதல்லயே ஒண்ணு சொல்லிடறேன், டீம் செலக்ட் பண்ண ட்ரையல் ரேஸ் வைக்கறத நான் குறை சொல்லல. அமெரிக்காவுல முதல் மூணு பேருக்குதான் ஒலிம்பிக் டிக்கெட், 2024 ட்ரையல் ஃபைனல்ல அதிங் மு முதல் லேப்லயே தடுக்கி விழுந்தாங்க, அவங்க அப்ப டோக்கியோ ஒலிம்பிக் 800 சாம்பியன், ஆனாலும் பாரிஸ்ல 800 ஓட முடியல. மனசு கஷ்டமாதான் இருந்துச்சு, ஆனா அதுல ஒரு நேர்மை இருக்கு, வேண்டியவங்க வேண்டாதவங்கன்னு யாரும் பேச முடியாது. என் பிரச்சனை அது இல்ல. செலக்ட் ஆன ஆளு அடிபட்டு திரும்பி வரும்போது, மீட்டுக்கு கொஞ்ச நாள் முன்னாடி கூப்ட்டு, ஸ்பைக்ஸ் (அடியில ஆணி வெச்ச ரேஸ் ஷூ) மாட்டு, ஃபுல் ஸ்பீடுல ஒரு 600 மீட்டர் போ, டைம் வந்தா டீம்ல இருக்க வராட்டி வீட்டுக்கு போன்னு சொல்றீங்க பாருங்க, அதுதான்.

அந்த ஓட்டத்துல நீங்க எத பாக்கறீங்க? மூச்சு தாங்குதா, டைம் வருதா, அவ்வளவுதான். ஆனா மூச்சு சீக்கிரம் திரும்பி வந்துடும் சார். கால் தரைய தொடாம இடுப்புல பெல்ட் கட்டிகிட்டு ஆழமான தண்ணியில ஓடறோம், சைக்கிள் மிதிக்கறோம், அதுல ஹார்ட் லங்ஸ் ரெண்டையும் பெருசா விடாம புடிச்சு வெச்சுக்கலாம். எலும்பு அப்படி இல்ல. தேஞ்ச இடத்த உடம்பு முதல்ல அரிச்சு எடுத்துட்டுதான் புதுசா கட்டும், அரிக்கறது சீக்கிரம் நடக்கும், கட்டறது நிதானமா நடக்கும், நடுவுல சில வாரம் அந்த இடம் முன்ன இருந்தத விட வீக்கா இருக்கும். ஓடும்போது ஒவ்வொரு அடிக்கும் உடம்பு எடைய மாதிரி ரெண்டு மூணு மடங்கு தரையில இருந்து திரும்பி வருது. எஞ்சின் ரெடி ஆயிடுச்சு, சேஸிஸ் இன்னும் வெல்டிங்ல இருக்கு, நீங்க ஆக்ஸிலரேட்டர அழுத்தி பாக்கறீங்க.

இதுல ஸ்பைக்ஸ் வேற. ட்ரெய்னிங் ஷூவுல இருக்கற மாதிரி குதிகால் உயரம் அதுல கிடையாது, கெண்டைக்காலும் குதிகால் தசைநாரும் அந்த பாரத்தையும் சேத்து தாங்கணும். ரெகவரியில ஸ்பைக்ஸ்தான் கடைசியா வரணும், உங்க டெஸ்ட்ல அதுதான் முதல்ல வருது.

வலி எப்படி வரும்னு கொஞ்சம் சொல்றேன், ஏன்னா பாதி பேர் இத ஷின் ஸ்ப்ளின்ட்னு தள்ளி விட்டுடறீங்க. ஷின் ஸ்ப்ளின்ட்னா எலும்பு உள்பக்கம் நீளமா ஒரு ரெண்டு இன்ச் அளவுக்காவது வலிக்கும், சூடாக சூடாக கொஞ்சம் குறையும். ஸ்ட்ரெஸ் ஃப்ராக்சர் பெரும்பாலும் ஒரு விரல் நுனி அளவு இடம், அங்க அழுத்தினா உயிர் போகும், ரெண்டு இன்ச் தள்ளி அழுத்தினா ஒண்ணும் இருக்காது, ஓட ஓட ஏறும், முத்திப்போனா ராத்திரி சும்மா படுத்திருக்கும்போதே விண்ணு விண்ணுன்னு தெறிக்கும். ஆரம்பத்துல எக்ஸ்ரேயில பல தடவ தெரியாது, எம்ஆர்ஐ எடுத்தாதான் தெரியும். என்கிட்டயும் "எக்ஸ்ரே க்ளியர், மனசுலதான் வலி"ன்னு ஒருத்தர் சொன்னாரு, சரி விடுங்க.

கோச்சுகளுக்கு தனியா ஒண்ணு. பொண்ணுங்கள ஓட வைக்கறவங்க பீரியட்ஸ் சரியா வருதான்னு கேக்க கூச்சப்படறீங்க, ஆனா "ஒரு ரெண்டு கிலோ குறைச்சா செகண்ட் இறங்கும்"னு எல்லார் முன்னாடியும் சொல்ல கூச்சமே இல்ல. ஓடற அளவுக்கு சாப்பாடு உள்ள போகலன்னா உடம்பு ஹார்மோன குறைக்கும், பீரியட்ஸ் நிக்கும், எலும்பு மெலியும். இது பசங்களுக்கும் வரும், அவங்களுக்கு பீரியட்ஸ் மாதிரி ஒரு எச்சரிக்கை இல்லாததால இன்னும் லேட்டாதான் தெரியும். 2014-லயே சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி இதுக்கு ரெட்-எஸ்னு பேர் வெச்சு அறிக்கை விட்டாச்சு, அப்பறமும் ரெண்டு தடவ புதுப்பிச்சாச்சு. இன்னும் தராசையே பாத்துட்டு இருந்தா எப்படி?

உங்க பக்கமும் புரியுது. அரைகுறை ஃபிட்னஸோட ஒருத்திய கூட்டிட்டு போய் அவ பாதியில நின்னா, வெளிய உக்காந்த அடுத்த பொண்ணுக்கு அநியாயம். ஆனா உங்க டெஸ்ட் அதுக்கு கேரன்டி குடுக்குதா? 2025 டோக்கியோ உலக சாம்பியன்ஷிப் 1500 ஃபைனல்ல ஜோஷ் கெர், போன தடவ தங்கம் வாங்கினவரு, ரேஸ் நடுவுல கெண்டைக்கால் போய் நொண்டிகிட்டே கடைசியா கோட்ட தாண்டினாரு. எந்த டெஸ்ட்ட வெச்சு அத முன்னாடியே சொல்லிருப்பீங்க?

அதே மீட்ல இன்னொன்ன பாருங்க. பிரிட்டனோட கீலி ஹாட்ஜ்கின்சன் 2024 பாரிஸ் ஒலிம்பிக் 800-ல தங்கம் அடிச்சதுக்கு அப்பறம் தொடை பின்பக்க காயத்தால ஒரு வருஷத்துக்கு மேல ரேஸே ஓடல, 2025 ஆகஸ்ட்ல திரும்பி வந்த முதல் ரேஸ்லயே 1:54.74, அடுத்த மாசம் டோக்கியோவுல வெண்கலம். எல்லாருக்கும் இப்படி வராதுதான். கென்யாவோட 800 மீட்டர்காரர் டேவிட் ருடிஷா 2013 உலக சாம்பியன்ஷிப்ப முட்டி காயத்துல விட்டாரு, 2014 காமன்வெல்த்ல ரெண்டாவதுதான் வந்தாரு, முடிஞ்சு போச்சுன்னு பேசினாங்க, 2015-ல உலக சாம்பியன், 2016-ல மறுபடி ஒலிம்பிக் தங்கம். பிரிட்டனோட கெல்லி ஹோம்ஸ் வருஷக்கணக்கா காயத்தோட மல்லுக்கட்டி, 34 வயசுல 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்ல 800, 1500 ரெண்டுலயும் தங்கம் எடுத்தாங்க. இவங்கள அவசரப்படுத்தி ஒரு ட்ரையல்ல உடைச்சிருந்தா பழைய குருடி கதவைத் திறடி கதைதான்.

அதனால கேக்கறது இதுதான். காயத்துல இருந்து வர்றவங்களுக்கு ஒரே தேதி வைக்காதீங்க, ஒரு மூணு வாரம் அவகாசம் குடுங்க, அதுக்குள்ள எப்ப டாக்டரும் பிசியோவும் ஓகே சொல்றாங்களோ அப்ப பாருங்க. அமுக்கினா வலி இல்லையா, ஒத்த கால்ல தொடர்ந்து குதிக்க முடியுதா, ட்ரெய்னிங் டைரியில வாரா வாரம் ஓட்டம் வலி இல்லாம ஏறிருக்கா, இத முதல்ல பாருங்க. ஓட வெச்சுதான் ஆகணும்னா ரேஸ் ஸ்பீடுக்கு ஒரு படி கீழ, நடுவுல ரெஸ்ட் குடுத்து, ரெண்டு மூணு ஓட்டமா பாருங்க, மறுநாள் காலையில கால் எப்படி இருக்குன்னும் கேளுங்க, பதில் பெரும்பாலும் அங்கதான் இருக்கும். இன்னொண்ணு, வலின்னு வாய் திறந்த பொண்ணு அடுத்த கேம்ப் லிஸ்ட்ல காணாம போறா, அத பாத்த மத்தவங்க எல்லாம் வாய மூடிட்டு ஓடறாங்க. வலிய சொன்னதுக்காக யார் பேரும் லிஸ்ட்ல இருந்து போகாதுன்னு எழுத்துல குடுங்க.

எனக்கு தனியா பதில் எதுவும் வேண்டாம். அடுத்த சீசன் ட்ரையல் சர்க்குலர்ல "ஃபிட்னஸ நிரூபிக்க வேண்டும்"னு ஒரு வரி வரும்ல, அதுக்கு கீழ எப்படி, யார் முன்னாடி, எத்தன நாளுக்குள்ளன்னு சேத்து போடுங்க.

இப்படிக்கு,
இன்னும் ஸ்பைக்ஸ் மாட்டாத ஒரு 800 மீட்டர்காரி