ரேஸில் தேறாத குதிரைக்கும் வேலை இருக்கிறது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சிங்கப்பூர் கிராஞ்சி குதிரைப் பந்தயத் திடலில் 2024 அக்டோபர் 5-ஆம் தேதி கடைசி ரேஸ் ஓடி முடிந்ததிலிருந்து, மிச்சமான குதிரைகளை என்ன செய்வது என்ற பேச்சு எங்கள் சுங்கை சிப்புட் கடைகளிலும் அடிபடுகிறது. ஓடாத குதிரைக்குத் தீவனம் தண்டம் என்கிறார்கள். ஈப்போவில் குதிரை லாயத்தில் வேலை பார்த்தவன் நான், அந்தப் பேச்சை என்னால் தாங்க முடியவில்லை.

ஹுவாசோ என்று ஒரு குதிரை. 1933-இல் சிலி நாட்டில் பிறந்தது. ஃபெய்த்ஃபுல் என்ற பெயரில் ரேஸில் விட்டார்கள், தேறவில்லை, சுபாவமும் பதற்றம். அப்புறம் வேறு பயிற்சிகளில் போட்டுப் பார்த்தும் சரிப்படவில்லை. கடைசியில் ராணுவக் கேப்டன் அல்பெர்ட்டோ லாராகிபெல் அதன் பாய்ச்சலைப் பார்த்து, உயரம் தாண்டுவதற்கென்றே பொறுமையாகப் பழக்கினார். அவர் தாண்ட வேண்டியிருந்தது, 1938-இல் ஓசோப்போ என்ற இத்தாலியக் குதிரை வைத்திருந்த 2.44 மீட்டர் சாதனையை.

1949 பிப்ரவரி 5, வீனியா டெல் மார் நகரம். முதல் தடவை ஹுவாசோ தாண்டாமல் நின்றுவிட்டது. இரண்டாம் தடவை கம்பு விழுந்தது. மூன்றாம் தடவை, முதுகில் ஆளோடு, 2.47 மீட்டர்! அதாவது எட்டடிக்கும் மேல், நம் பழைய லயத்து வீட்டு வாசல் நிலையைவிட உயரம். அப்போது அதற்குப் பதினாறு வயது, ரேஸ் கணக்கில் கிழக் குதிரை. அதன் பிறகு அதன்மேல் யாரும் ஏறவில்லை, சும்மா மேயவிட்டு வைத்துக்கொண்டார்கள், 1961-இல் இறந்தது. அந்த 2.47-ஐ இன்றுவரை எந்தக் குதிரையும் முறியடிக்கவில்லை.

ஒரு குதிரையை வைத்துப் பேசாதே என்பவர்களுக்கு டச் ஆஃப் கிளாஸ் என்ற பெண் குதிரையையும் சொல்கிறேன். அதுவும் ரேஸில் ஜெயிக்காமல் வந்ததுதான். 1984 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் அமெரிக்க வீரர் ஜோ ஃபார்கிஸ் அதன்மேல் ஏறி, தடை தாண்டும் போட்டியில் தனிநபர், குழு இரண்டிலும் தங்கம் வாங்கினார். மொத்தம் 91 தடைகளில் 90-ஐத் தட்டாமல் தாண்டியது.

எல்லாக் குதிரையும் ஒலிம்பிக் போகும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் ரேஸ் குதிரைக்கு வேகமாக ஓடுவதைத் தவிர வேறெதுவும் யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை, அதுதான் விஷயம். சில மாதம் ஓய்வு, ஓட்ஸைக் குறைத்துப் புல்லைக் கூட்டுவது, பிறகு தரையில் கம்புகளைப் போட்டு மெல்ல நடக்கவிட்டு, அப்புறம் சிறு தடை, இப்படிப் படிப்படியாகப் பழக்கினால் பிள்ளைகள் ஏறிப் பழகும் அளவுக்குச் சாதுவாகிவிடும் குதிரைகள் எத்தனையோ. இந்த வேலை தெரிந்த நம் ஆட்கள் தோட்டப்புறங்களிலும் இருக்கிறார்கள், அப்பன் காலத்திலிருந்து குதிரை பார்த்தவர்கள். அவர்களுக்கும் பிழைப்பு கிடைக்கும்.

ஆகவே ஒரு வேண்டுகோள். யார் ஜெயித்தார் என்பதோடு நிற்காமல், ரேஸை விட்ட குதிரைகள் எங்கே போகின்றன, எந்தக் குதிரையேற்றக் கிளப் அவற்றை ஏற்கத் தயார், பராமரிக்க எவ்வளவு செலவாகும் என்று உங்கள் நிருபர்களை விட்டு விசாரித்து, விளையாட்டுப் பக்கத்தில் விவரமாகப் போடுங்கள். குதிரை முதலாளிகளும் அதைப் படிப்பார்கள்.

இப்படிக்கு,
பழைய லாயக்காரர்,
சுங்கை சிப்புட், பேராக்