பொது நூலகப் பணியாளர் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், விடுமுறை நாளிலும் நேரத்துக்கு வந்து அமர்ந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

சென்ற பொதுக்குழுவில், இந்த ஆண்டு பணியாளர் பயிற்சிக்கே முதலிடம் என்று தீர்மானம் போட்டோம். ஆகவே அறிக்கையின் பெரும்பகுதி அதைப் பற்றித்தான். மற்றவற்றை முதலிலேயே முடித்துவிடுகிறேன். செயற்குழு தவறாமல் கூடியது. புதிதாகச் சேர்ந்த உறுப்பினர்களில் பெரும்பாலோர் தற்காலிகப் பணியாளர்கள். வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார்.

முதல் பயிற்சி தோல்வி. அதை மறைத்துப் பயனில்லை. நாள் முழுக்க விரிவுரை. நூல்களைப் பொருள்வாரியாக எண்ணிட்டு அடுக்கும் பகுப்பு முறைகளைப் பற்றி, 1876-இல் வெளிவந்த டூயி தசமப் பகுப்பில் தொடங்கி, 1933-இல் இந்திய நூலகவியலாளர் ரங்கநாதன் தந்த கோலன் பகுப்பு வரை கேட்டோம். குறிப்பெடுத்தோம், சான்றிதழ் வாங்கினோம், வீட்டுக்குப் போனோம். சில நாள் கழித்து ஒரு கிளை நூலகத்துக்குப் போயிருந்தேன். காலநிலை மாற்றம் பற்றிய புதிய நூல் ஒன்று பகுப்பு எண் இல்லாமல் மேசையிலேயே கிடந்தது. பயிற்சிக்கு வந்திருந்த உறுப்பினர்தான் அங்கே பொறுப்பு. "எந்த எண் போடுவதென்று தெரியவில்லை சார், அப்புறம் பார்க்கலாம் என்று வைத்திருக்கிறேன்" என்றார். பேச்சாளர் மேல் குறை இல்லை. ஒரு நூலுக்காவது உறுப்பினர்களே எண் போட்டுப் பார்க்க நேரம் ஒதுக்காதது என் தவறு.

அதனால் அடுத்த அமர்வில் பேச்சாளரே கிடையாது. அவரவர் நூலகத்தில் எண் போட முடியாமல் கிடக்கும் நூல்களைக் கொண்டுவரச் சொன்னோம். அந்தக் காலநிலை நூலும் வந்தது. காலநிலையியலுக்கும் வானிலைக்கும் உரிய 551.6-இல்தான் வைக்க வேண்டும் என்றார் ஒருவர். இல்லை, சமூகப் பிரச்சினையாகப் பேசும் நூல், சுற்றுச்சூழல் பிரச்சினைகளுக்கான 363.7-க்குத்தான் போகும் என்றார் இன்னொருவர். அரை மணி நேரம் சூடாகப் போனது. கடைசியில் பொருளடக்கத்தைத் திறந்து பார்த்தால், முக்கால் பங்கு அரசுக் கொள்கையும் மாசுக் கட்டுப்பாடும். 363.7-இல் வைத்தோம். தலைப்பை மட்டும் பார்த்து எண் போடக்கூடாது என்பது எல்லாருக்கும் ஏற்கெனவே தெரிந்ததுதான். ஆனாலும் அன்றைக்கு அந்த அரை மணி நேரம் தேவைப்பட்டது.

வாசகர் கேட்கும் தகவலைத் தேடிக் கொடுக்கும் குறிப்புதவிப் பணிக்கான பயிற்சியை இந்த ஆண்டின் நல்ல பயிற்சி என்று தயங்காமல் சொல்வேன். ஒருவர் வாசகர், ஒருவர் நூலகர். வாசகராக நடிப்பவரின் கையில் ஒரு சீட்டு. அவருக்கு உண்மையில் என்ன வேண்டும் என்று அதில் எழுதியிருக்கும். வாயால் கேட்பது வேறு. "சட்டப் புத்தகமெல்லாம் எங்கே இருக்கிறது?" என்று கேட்பார். சீட்டில் இருப்பதோ, 'வீட்டுக்காரர் காலி செய்யச் சொல்கிறார், எத்தனை நாள் அவகாசம் உண்டு?' பெரும்பாலோர் முதல் கேள்வியைக் கேட்டதுமே அலமாரியைக் கை காட்டிவிட்டார்கள். அதில் நானும் உண்டு. பல ஆண்டு அனுபவமுள்ள ஒரு மூத்த உறுப்பினர், வாசகர் பேசி முடிப்பதற்குள் தானே குறுக்கிடுவதை அன்றுதான் கவனித்ததாகச் சொன்னார். அவர் அதை எல்லார் முன்னிலையிலும் சொன்னதற்குத் தனியாக நன்றி. "எது பற்றித் தேடுகிறீர்கள், கொஞ்சம் விரிவாகச் சொல்கிறீர்களா?" என்று தொடங்குவது, அனுப்பும் முன் "தேடி வந்தது கிடைத்ததா?" என்று கேட்பது, சட்டம், மருத்துவம் என்றால் நூலைக் காட்டுவதோடு நிறுத்தி ஆலோசனை சொல்லாமல் இருப்பது: இந்த மூன்றையும் இப்போது பல கிளைகளில் கடைப்பிடிக்கிறார்கள்.

நூல் பட்டியலையும் இரவலையும் கையாளும் கோகா மென்பொருள் பயிற்சியில் ஒரு விபத்து நடந்தது. 2000-ஆம் ஆண்டு பிறந்தால் தங்கள் பழைய மென்பொருள் வேலை செய்யாது என்ற கவலையில், நியூசிலாந்தின் ஹோரோவெனுவா என்ற பகுதியின் நூலக அமைப்பு 1999-இல் எழுத வைத்த மென்பொருள் இது. மூல நிரல் எல்லாருக்கும் திறந்தே இருக்கிறது. இதைச் சொல்லிவிட்டு, பல நூல்களின் பதிவுகளை ஒரே முறையில் திருத்துவது எப்படி என்று காட்டினேன். பயிற்சிப் படியை, அதாவது பழகுவதற்கென்று வைத்திருக்கும் பட்டியல் நகலை, திறந்திருக்கிறேன் என்று நினைத்தேன். திறந்திருந்தது நிஜப் பட்டியல். ஓர் அலமாரி முழுக்க 'தொலைந்தது' என்று மாறிவிட்டது. முந்தின இரவு எடுத்த காப்புப் பிரதியால் பதிவுகள் திரும்பின. ஆனால் அன்று காலை கொடுத்த இரவல்களை எல்லாம் கையால் மறுபடி ஏற்ற வேண்டியிருந்தது. முணுமுணுக்காமல் உட்கார்ந்து ஏற்றிய இரண்டு உதவியாளர்களுக்கு நான் கடன்பட்டிருக்கிறேன். இப்போது பயிற்சிப் படியின் திரை வேறு நிறத்தில் இருக்கிறது.

பார்வைக் குறைபாடுள்ள வாசகர்களுக்கான சேவை பற்றி ஓர் அரைநாள் அமர்வு நடந்தது. அவர்கள் படிக்கக்கூடிய வடிவில் நூல்களின் படி எடுக்கவும் நாடுகளுக்கிடையே பகிரவும் வழிசெய்யும் மராகேஷ் உடன்படிக்கை 2013-இல் ஏற்கப்பட்டு 2016-இல் நடைமுறைக்கு வந்தது. அதை ஐந்து நிமிடத்தில் சொல்லி முடித்த பயிற்றுநர், கணினித் திரைகளை அணைக்கச் சொன்னார். திரையில் உள்ளதை உரக்க வாசிக்கும் திரைவாசிப்பான் மென்பொருளின் குரலை மட்டும் கேட்டு, நம் இணையப் பட்டியலில் ஒரு நூலைத் தேட வேண்டும். "பொத்தான், பொத்தான், பொத்தான்" என்றே அது வாசித்துக்கொண்டிருந்தது. எந்தப் பொத்தானுக்கும் நாம் பெயர் கொடுத்திருக்கவில்லை. அந்தக் குறையை இன்னும் முழுதாகச் சரிசெய்து முடிக்கவில்லை.

2006-இல் அமெரிக்காவின் சார்லட் மெக்லன்பர்க் பொது நூலகம் தன் பணியாளர்களுக்கு '23 விஷயங்கள்' என்ற பெயரில் சிறு சிறு பயிற்சிகளைக் கொடுத்து, அவரவர் வேகத்தில் செய்யச் சொன்னது. அதே பாணியில் நாமும் வாரம் ஒரு சிறு வேலை கொடுத்துப் பார்த்தோம். ஆர்வமாகத் தொடங்கியவர்களில் பலர் பாதியில் நின்றுவிட்டார்கள். கேட்டால் எல்லாரும் சொன்ன பதில் ஒன்றே: நேரம் எங்கே?

சரி, இங்கேதான் விஷயம் இருக்கிறது. இஃப்லா எனப்படும் பன்னாட்டு நூலகச் சங்கக் கூட்டமைப்பின் 2016 வழிகாட்டுதல், வேலை நேரத்தில் சுமார் 10 சதவீதத்தையும் நிறுவனத்தின் நிதியில் குறைந்தது 0.5 முதல் 1 சதவீதத்தையும் பணியாளர் வளர்ச்சிக்கு ஒதுக்கச் சொல்கிறது. வாரத்துக்கு 40 மணி நேரம் வேலை என்றால், 4 மணி நேரம். ஒரே ஆள் இருக்கும் கிளையில் அந்த ஆள் பயிற்சிக்குப் போனால் கதவைப் பூட்ட வேண்டும். அதனால் ஆள் வசதியுள்ள பெரிய நூலகங்களிலிருந்து அதே முகங்கள்தான் எல்லாப் பயிற்சிக்கும் வருகின்றன. தற்காலிகப் பணியாளர்களோ, வந்தால் அன்றைய ஊதியம் போய்விடும் என்று வருவதில்லை. வாசகர் முகத்தைத் தினமும் முதலில் பார்ப்பது அவர்கள்தான்.

நாங்கள் செய்ய முடிந்தது, திறப்பதற்கு முன் ஒரு மணி நேர அமர்வுகளும், பக்கத்துக் கிளைக்காரர் வந்து பார்த்துக்கொள்ளும் ஏற்பாடும். இரண்டுமே பணியாளர்களின் நல்ல மனத்தை நம்பி ஓடுகின்றன. அதை நம்பி இன்னோர் ஆண்டு ஓட்ட முடியாது. ஆகவே பயிற்சி நாள்களுக்கு மாற்றுப் பணியாளர் தர வேண்டும், பயிற்சி நேரத்தைப் பணி நேரமாகக் கணக்கிட வேண்டும், தற்காலிகப் பணியாளர்களுக்கும் அன்றைய ஊதியம் உண்டு என்று எழுத்தில் தர வேண்டும் என நிர்வாகத்தைக் கேட்கும் தீர்மானத்தைச் செயற்குழு தயாரித்திருக்கிறது. அதன் படிகள் உங்கள் இருக்கைகளில் இருக்கின்றன. இந்த அறிக்கையை ஏற்றுக்கொண்ட பின், அதை விவாதத்துக்கு எடுத்துக்கொள்ளுமாறு தலைவர் அவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்