வின்னிபெக்கில இருக்கிற தம்பிக்கு

அன்பின் தம்பி,

அங்க இந்தக் கிழமை விண்ட் சில், காத்தோட சேர்த்து உடம்புக்குத் தெரியிற குளிர், மைனஸ் 45 எண்டு போட்டிருக்கு. அம்மா இப்ப எங்கட ஸ்காபரோ வெதரைப் பார்க்கிறேல்லை, உன்ர வெதரைத்தான் பார்க்கிறா. அந்தக் குளிரில மூடாத தோல் 5 இலிருந்து 10 நிமிசத்துக்குள்ள உறைஞ்சுபோகும். நீ வேலை செய்யிற கார்க் கடையில, கார் நிப்பாட்டியிருக்கிற வெட்டையில காத்தை மறிக்க என்ன இருக்கு? ஸ்னோ தட்டி, ஐஸ் சுரண்டி, ஸ்ராட் வராத காருக்கெல்லாம் வேற பற்றரியால பூஸ்ற் குடுத்து முடிக்க எவ்வளவு நேரம் போகும்? ஒரு வரிசை முடிஞ்சதும் உள்ளுக்குப் போ.

நிக்கிற எல்லாக் காருக்கும் எஞ்சினைச் சூடா வைச்சிருக்கிற பிளொக் ஹீற்றர் வயர் கொழுவ ஏலாது, தெரியும். ஆனா சார்ஜ் இறங்கின பற்றரி உறையும். பக்கம் வீங்கியிருந்தா பூஸ்ற் குடுக்காதை, வெடிக்கும். பெற்றோல் அடிக்கேக்கையும் கவனம். கையில பட்டா ஆவியாகிற வேகத்தில இருக்கிற சூட்டையும் இழுத்துக்கொண்டு போயிடும்.

உன்னை சேல்ஸுக்கு எடுக்கப்போகினம் எண்டு அக்கா சொன்னாள். பெருமையாத்தான் இருக்கு. அதை உன்ர வாயால சொல்லியிருக்கலாம். மனேஜரிட்ட நல்ல பேர் எடுக்கிறன் எண்டு பிறேக் எடுக்காமல் வெளியில நிக்காதை. ஆபத்தான வேலையை மாட்டன் எண்டு சொல்ல மனிற்றோபா மாகாணச் சட்டத்திலயே உரிமை இருக்கு. உள்ளுக்குப் போ எண்டா உள்ளுக்குப் போ.

ஞாயிறு கதைக்கேக்க இடக்கையால தேத்தண்ணி குடிச்சனீ. அம்மா கவனிக்கேல்லை. எங்கட ஆக்கள் வருத்தத்தை மறைக்கிறதில கெட்டிக்காரர், அப்பப்பான்ர கால் உனக்குத் தெரியும்தானே. விரல் மெழுகு மாதிரி வெளிறி மரத்திருந்தா தேய்க்காதை. சுடுதண்ணிக்குள்ள வைக்காதை, மரத்த விரலுக்குச் சூடு தெரியாது, வெந்துபோகும். இளஞ்சூட்டுத் தண்ணி காணும். கொப்புளம் வந்தா உடைக்காதை. உணர்ச்சி திரும்பேல்லையெண்டா அண்டைக்கே டொக்டரிட்டப் போ. கையில காயமோ எண்டு நான் கேக்கேல்லை. போய்க் காட்டு எண்டுதான் சொல்லுறன்.

தோல் மிற்ஸ் ஒரு சோடி அனுப்பியிருக்கிறன். கிளவுஸை விட அதுதான் சூடு, விரலெல்லாம் ஒண்டாக் கிடக்கும். பெரிசா இருக்கெண்டு மாத்தாதை, இறுக்கினா ரத்தம் ஓடாது. சப்பாத்துக்குள்ள பருத்திச் சொக்ஸ் போடாமல் கம்பளி போடு, வேர்த்து ஈரமானா உடனே மாத்து.

டொக்டரிட்டக் காட்டினாப் பிறகு என்ர போனுக்கு எடு. அம்மாவின்ர போனுக்கு வேண்டாம்.

அப்பா