‘சஸ்பென்ஷன் சரியில்லை’ – எந்தச் சக்கரத்தில்?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பழைய வண்டிகளுக்கு எஃப்.சி. (தகுதிச் சான்று) எடுப்பதில் உள்ள அலைச்சல் பற்றி உங்கள் பக்கத்தில் வாசகர்கள் எழுதி வருகிறார்கள். பெரும்பாலும் புரோக்கர்களைப் பற்றிய பேச்சாகவே இருக்கிறது. எனக்குள்ள குறை வேறு. அரசுப் பேருந்துப் பணிமனையில் முன் ஆக்சில், பட்டை ஸ்பிரிங், பிரேக் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்பதால் இதை எழுதலாம் என்று நினைக்கிறேன்.

என் மைத்துனரின் கார் 15 வருஷம் முடிந்து பதிவைப் புதுப்பிக்கப் போனது. சொந்தக் கார் என்றால் அந்த 15 வருஷமும் அரசாங்கத்தில் யாரும் அதன் அடியில் குனிந்து பார்ப்பதில்லை. அதற்கப்புறம் 5 வருஷத்துக்கு ஒரு முறை. கட்டணம் முன்பு 600 ரூபாய். 2022 ஏப்ரலிலிருந்து 5,000. அதைக் கட்டி, வரிசையில் நின்று, அவர் வாங்கி வந்த பதில் இரண்டே வார்த்தை: ‘சஸ்பென்ஷன் சரியில்லை’. சக்கரங்களை வண்டியோடு இணைத்து, குலுக்கலைத் தாங்குகிற பாகங்கள் மொத்தத்துக்கும் சேர்த்துத்தான் சஸ்பென்ஷன் என்று பெயர். எந்த அலுவலகம் என்று எழுதப்போவதில்லை. விசாரித்தவரை பல ஊரிலும் இதே கதைதான்.

வண்டியைத் திருப்பி அனுப்பியதில் எனக்கு வருத்தமே இல்லை. அது திருப்பி அனுப்பப்பட வேண்டிய வண்டிதான். ஆனால் இந்த இரண்டு வார்த்தையைக் கையில் வைத்துக்கொண்டு ஒருவர் என்ன செய்வார்? நேரே பட்டறைக்குப் போவார். போனார். “அண்ணே, நாலு ஷாக்கு, ரெண்டு லோயர் ஆர்ம், புஷ்ஷு மொத்தமும் போட்டுடலாம், அப்பதான் மறுபடி ஃபெயில் ஆகாது” என்றார் மெக்கானிக். (லோயர் ஆர்ம் என்பது சக்கரத்தைக் கீழே பிடித்திருக்கும் கை; புஷ் என்பது மூட்டில் உள்ள ரப்பர்.) அவரையும் குறை சொல்ல முடியாது. எது கெட்டது என்று தெரியாதபோது எல்லாவற்றையும் மாற்றுவதுதான் அவருக்குப் பாதுகாப்பு. சொன்ன தொகையோ, அந்தக் காரை விற்றால் கிடைப்பதில் பாதி.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நானே போய்ப் பார்த்தேன். நான்கு மூலையையும் ஒவ்வொன்றாக அழுத்தி விட்டேன். ஷாக் அப்சார்பர் நன்றாக இருந்தால் வண்டி ஒரு முறை எழும்பி அடங்கிவிடும். இரண்டு மூன்று முறை ஆடினால்தான் அது போய்விட்டது. இது அடங்கியது. பின்பக்கத்து ஷாக்கில் லேசான எண்ணெய் ஈரம் இருந்தது. ஈரம் வேறு, வழிவது வேறு. ஈரத்துக்காக ஷாக்கைக் கழற்றத் தேவையில்லை. பிறகு முன்சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டினேன். இடது சக்கரம் ‘டக் டக்’ என்றது. சக்கரம் சுழலும் பேரிங்கா, லோயர் ஆர்மைச் சக்கரத்தோடு இணைக்கும் பால் ஜாயிண்டா? மைத்துனரைப் பிரேக்கை மிதித்துக்கொண்டு உட்காரச் சொல்லிவிட்டு மறுபடி ஆட்டினேன். பேரிங் என்றால் பிரேக் பிடித்ததும் ஆட்டம் நின்றுவிடும். நிற்கவில்லை. ஆக, கீழ் பால் ஜாயிண்ட். வலது பக்கம் இன்னும் மோசம். சுருள் ஸ்பிரிங்கின் கடைசிச் சுற்று, கிண்ணத்தில் உட்காருகிற இடத்திலேயே, ஒடிந்து கிடந்தது.

மைத்துனர் வீடு கடலோரத் தாழங்குடா பக்கம். உப்புக்காற்று ஒருபுறம். 2024 டிசம்பரில் தென்பெண்ணை ஊருக்குள் வந்தபோது வண்டல் மண் அந்தக் கிண்ணத்தில் சேர்ந்து இறுகிவிட்டது. ஈரத்தை அது விடாமல் பிடித்து வைக்கும். துரு அங்கேதான் தின்னும். கடற்கரையோரம் கார் வைத்திருப்பவர்கள் மேலே பளபளவென்று தண்ணீர் அடிப்பதை விட்டுவிட்டு, மாதம் ஒரு முறையாவது சக்கரத்துக்கு உள்ளே நல்ல தண்ணீர் அடித்தால் நல்லது.

ஒடிந்த ஸ்பிரிங்கின் முனை டயரைக் கிழிக்கலாம். பால் ஜாயிண்ட் கழன்றால் சக்கரம் மடங்கிவிடும். இந்த இரண்டையும் கண்டுபிடித்த அதிகாரிக்கு அதை எழுத ஒரு நிமிடம்கூட ஆகாது: முன் இடது கீழ் பால் ஜாயிண்ட், முன் வலது ஸ்பிரிங். அல்லது அவர் அடியில் பார்க்கவே இல்லை, வண்டியை ஓட்டிப் பார்த்தபோது கேட்ட சத்தத்தை வைத்தே எழுதிவிட்டார் என்றால், அது வேறு கேள்வி.

இது சலுகை கேட்பது அல்ல. 1988ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டம் 45ஆம் பிரிவிலேயே இருக்கிறது. இயந்திரக் குறை இருப்பதாகச் சொல்லிப் பதிவைப் புதுப்பிக்க மறுத்தால், அந்த உத்தரவின் நகலைக் காரணத்தோடு விண்ணப்பதாரருக்குத் தர வேண்டும். 57ஆம் பிரிவின்படி 30 நாளுக்குள் மேல்முறையீடும் செய்யலாம். ‘சரியில்லை’ என்பதை எதிர்த்து எதைச் சொல்லி மேல்முறையீடு செய்வது?

பிரிட்டனில் ஆண்டுச் சோதனையில் தோற்ற காரின் தாளில் எந்தப் பக்கம், எந்த உறுப்பு என்பது வரை இருக்கும். 2018 மே முதல் குறைகளை ஆபத்தானது, பெரியது, சிறியது என்றும் பிரித்துவிட்டார்கள். சிறிய குறை இருந்தால் வண்டி தேறிவிடும். ஆனால் தாளில் ஏறிவிடும். பதிவெண்ணைப் போட்டு அந்த வண்டியின் பழைய சோதனை முடிவுகளை யாரும் பார்க்கலாம். பழைய கார் வாங்குபவருக்கு அது எவ்வளவு பெரிய உதவி!

தானியங்கிச் சோதனை நிலையம் வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்கிறார்கள். மெஷின் எண்ணைத்தான் தரும். டயரில் காற்று கூடக்குறைய இருந்தாலே சஸ்பென்ஷன் மெஷினின் எண் மாறும். எந்தப் புஷ் கிழிந்தது என்று அதற்குத் தெரியாது. யாராவது டார்ச்சோடு குழியில் இறங்கித்தான் ஆக வேண்டும்.

பண்ருட்டியிலிருந்து பலாப்பழம் ஏற்றி வரும் ‘குட்டி யானை’ சரக்கு வண்டிகளைப் பாருங்கள். எட்டு வருஷம் தாண்டிய சரக்கு வண்டிக்கு வருஷா வருஷம் எஃப்.சி. உண்டு. ஸ்பிரிங்கில் கூடுதல் பட்டை செருகி, அதை ஆக்சிலோடு பிடிக்கும் யூ-போல்ட் தளர்ந்து, ஒரு பக்கம் சாய்ந்தபடி கையில் எஃப்.சி.யோடு ஓடுகின்றன. போன வருஷம் எதைப் பார்த்தார்கள் என்பது தாளில் இருந்தால், இந்த வருஷம் பார்ப்பவர் அதே இடத்தில் கை வைப்பார்.

போக்குவரத்துத் துறையிடம் கேட்பது இவ்வளவுதான்: நான்கு சக்கரத்துக்கும் தனித்தனிக் கட்டம் போட்ட ஒரு படிவம். புதுச்சேரி அரசும் இதைச் செய்தால், எல்லையிலுள்ள கன்னியக்கோயிலைத் தாண்டி தினமும் போய்வரும் வண்டிகளுக்கும் சேர்த்து நல்லது.

அதுவரை வாசகர்கள், ஃபெயில் என்றதும் எந்தச் சக்கரம் என்று அங்கேயே கேட்டு எழுதி வாங்குங்கள். பட்டறையில் கழற்றிய பழைய சாமானைத் திருப்பிக் கேளுங்கள். ஸ்பிரிங் ஒரு பக்கம் ஒடிந்தாலும் இரண்டு பக்கமும் சேர்த்தே மாற்றுங்கள். உயரம் மாறினால் வண்டி இழுக்கும். லோயர் ஆர்ம் கழற்றி மாட்டினால் வீல் அலைன்மென்ட் பார்க்காமல் மறுசோதனைக்குப் போகாதீர்கள். மைத்துனரின் காரில் மாற்றியது இரண்டு ஸ்பிரிங், ஒரு பால் ஜாயிண்ட். ஷாக் நான்கும் பழையவைதான், வண்டி தேறிவிட்டது.

இப்படிக்கு,
பணிமனை ஓய்வூதியர் (பெயர் வேண்டாம்),
மஞ்சக்குப்பம், கடலூர்.