மெட்டமைத்தவர்களின் வரலாறு மட்டுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் சென்ற இதழில் நியூயார்க்கின் பிராட்வே, லண்டனின் வெஸ்ட் எண்ட் ஆகிய அரங்க வட்டாரங்களின் இசை நாடகங்களின் வரலாற்றைப் பற்றி வெளிவந்த கட்டுரையை ஆர்வத்தோடு படித்தேன். தமிழில் அபூர்வமாகவே எழுதப்படும் பொருள் என்பதால் கட்டுரையாளருக்கு நன்றி சொல்லிவிட்டு, மாறுபடும் ஓர் இடத்தைக் குறிப்பிட விரும்புகிறேன். ஜெரோம் கெர்ன், ரிச்சர்ட் ரோஜர்ஸ், லியனார்ட் பெர்ன்ஸ்டைன், ஆண்ட்ரூ லாயிட் வெப்பர் என்று இசையமைப்பாளர்களின் வரிசையாகவே அந்த வரலாறு சொல்லப்பட்டிருக்கிறது; பாட்டும் கதை வசனமும் எழுதியவர்கள் போகிற போக்கில் தலைகாட்டி மறைகிறார்கள். திரைப்பாட்டை இசையமைப்பாளரின் பெயரால் மட்டுமே நினைவில் வைக்கும் நம் வழக்கம் இங்கேயும் வந்துவிட்டதோ என்று தோன்றுகிறது. அமெரிக்க இசை நாடகத்தைக் கேளிக்கையிலிருந்து நாடகமாக உயர்த்தியதில் பெரும்பங்கு எழுத்தாளர்களுடையது, அவர்களில் முதலில் சொல்லவேண்டியவர் இரண்டாம் ஆஸ்கர் ஹேமர்ஸ்டைன் என்பது என் கருத்து.

1927 டிசம்பரில் நியூயார்க்கில் அரங்கேறிய ‘ஷோ போட்’டை கெர்னின் படைப்பாக மட்டும் கட்டுரை குறிப்பிடுகிறது. அதுவரை பெரும்பாலான மேடைகளில் கதை என்பது பாட்டையும் ஆட்டத்தையும் நகைச்சுவையையும் கோர்க்க ஒரு சாக்காகவே இருந்தது. எட்னா ஃபெர்பரின் நாவலிலிருந்து மிசிசிப்பி நதிப் படகையும், கறுப்பினத் தொழிலாளரின் உழைப்பையும், இனம் கடந்த திருமணத்தைக் குற்றமாக்கிய சட்டத்தையும் அந்த மேடைக்கு ஏற்ற நாடகமாக எழுதியவர் ஹேமர்ஸ்டைன்.

ரோஜர்ஸும் ஹேமர்ஸ்டைனும் சேர்ந்து படைத்து, 1943 மார்ச் 31 அன்று தொடங்கி 2,212 காட்சிகள் நடந்த ‘ஒக்லஹோமா!’ இன்னும் தெளிவான சான்று. திரை விலகியதும் ஆட்டக்காரப் பெண்களின் வரிசையை எதிர்பார்த்து வந்த பார்வையாளர்கள் கண்டது, தனியே அமர்ந்து வெண்ணெய் கடைந்துகொண்டிருக்கும் ஒரு முதியவளை. பாட்டோ மேடைக்கு வெளியிலிருந்து, துணைக்கு வாத்தியம்கூட இல்லாமல், ஒற்றைக் குரலில் தொடங்குகிறது. மூல நாடகத்தை எழுதிய லின் ரிக்ஸ், அந்தக் காலை நேரத்தின் ஒளியையும் மேயும் மாடுகளையும் இளம் கதிர்களையும் காட்சிக் குறிப்பாக எழுதி வைத்திருந்தார். காட்சிக் குறிப்பு படிப்பவருக்கன்றிப் பார்ப்பவருக்குக் கிட்டாது; அது வீணாகக் கூடாதென்று ஹேமர்ஸ்டைன் அதையே பல்லவியும் சரணமுமாக ஆக்கினார். மக்காச்சோளத்தின் உயரத்துக்கு முதலில் மட்டக்குதிரையின் கண்ணை அளவாக எழுதியவர், பக்கத்து வயலுக்குப் போய்ப் பார்த்து, பயிர் அதைவிட உயர்ந்து நிற்கக் கண்டு, யானையின் கண் என்று மாற்றினார். வாரக்கணக்கில் அவர் எழுதிய அந்தப் பாட்டுக்கு ரோஜர்ஸ் சில நிமிடங்களில் மெட்டமைத்தார் என்று சொல்வார்கள்.

மெட்டுக்குப் பாட்டா, பாட்டுக்கு மெட்டா என்று நாம் ஓயாமல் நடத்தும் வழக்குக்கும் இங்கே ஒரு சாட்சி உண்டு. ரோஜர்ஸ் அதற்கு முன் ஏறக்குறைய இருபத்தைந்து ஆண்டுகள் பாடலாசிரியர் லோரன்ஸ் ஹார்ட்டுடன் பணியாற்றியபோது பெரும்பாலும் மெட்டே முதலில் பிறந்தது. ஹார்ட்டின் குறும்பும் கூர்மையும் அந்தப் பாடல்களில் மின்னுகின்றன. ஆனால் அவற்றில் பலவற்றை நாடகத்திலிருந்து கழற்றி எந்த விடுதியிலும் பாடலாம், பாடினார்கள். ஹேமர்ஸ்டைனிடம் வந்தபின் பெரும்பாலும் எழுத்து முந்தியது, மெட்டு பின்தொடர்ந்தது. இசையமைப்பாளர் அதே ஆள்தான். உடன் எழுதியவர் மாறியதும் அவருடைய இசையின் போக்கே மாறிவிட்டது. இதை விளக்காமல் ரோஜர்ஸின் மேதைமையைப் பற்றி மட்டும் பேசுவது எப்படிப் பொருந்தும்?

பாடலாசிரியரும் இசையமைப்பாளருமான ஸ்டீஃபன் சோண்ட்ஹைமுக்குக் கட்டுரை ஒரே பத்தி ஒதுக்கியிருப்பதும் எனக்குக் குறையாகவே பட்டது. பென்சில்வேனியாவில் ஹேமர்ஸ்டைன் குடும்பத்தின் அண்டை வீட்டுப் பிள்ளையாக வளர்ந்த அவர், பதினைந்து வயதில் பள்ளிக்காக எழுதிய இசை நாடகத்தை, முன்பின் தெரியாத ஒருவர் எழுதியதாக எண்ணிப் படிக்கச் சொல்லி ஹேமர்ஸ்டைனிடம் கொடுத்தார். தான் படித்ததிலேயே ஆக மோசமானது இதுதான் என்று தீர்ப்பளித்த ஹேமர்ஸ்டைன், அதோடு விடாமல், ஏன் மோசம் என்று அந்தப் பிற்பகல் முழுவதும் வரி வரியாக விளக்கினார். பிறகு நான்கு பயிற்சிகள் கொடுத்தார்: நல்ல நாடகம் ஒன்றையும், குறையுள்ள நாடகம் ஒன்றையும், நாடகமாக இல்லாத கதை ஒன்றையும் இசை நாடகமாக்க வேண்டும், கடைசியாகச் சொந்தக் கதையில் ஒன்று எழுத வேண்டும். நம் குருகுல வழியை மெச்சிக்கொள்ளும் நாம் இதைக் கவனிக்க வேண்டாமா?

அந்தப் பாடம் எவ்வளவு ஆழமாக இறங்கியது என்பதற்கு, பெர்ன்ஸ்டைனின் இசைக்குச் சோண்ட்ஹைம் பாட்டெழுதிய 1957இன் ‘வெஸ்ட் சைட் ஸ்டோரி’யைப் பார்க்கலாம். மணப்பெண் உடைக் கடையில் வேலை பார்க்கும் போர்ட்டோ ரிக்கோப் பெண் மரியா பாடும் மகிழ்ச்சிப் பாட்டில் தான் வைத்த உள்ளெதுகைகள் அவளுக்குப் பொருந்தாத மேட்டுக்குடிச் சாமர்த்தியம் என்று உணர்ந்து, எளிய வடிவம் ஒன்றையும் சோண்ட்ஹைம் எழுதிக் கொடுத்தார். உடன் பணியாற்றியவர்கள் ஏற்கவில்லை. பாட்டு பெரும் புகழ் பெற்ற பிறகும் அவர் அதைச் சொல்லி வருந்தியதை நிறுத்தவில்லை. 1970இன் ‘கம்பெனி’யிலிருந்து 1979இன் ‘ஸ்வீனி டாட்’ வரை, சொல்லையும் இசையையும் தானே எழுதியபோது, பாத்திரத்தின் வாயில் வராத சொல்லைப் பாட்டில் வைக்கக்கூடாது என்ற அந்த உறுதிதான் அவரை நடத்தியது.

கதையே இல்லாத, லாயிட் வெப்பரின் ‘கேட்ஸ்’ 1981 முதல் லண்டனில் இருபத்தோரு ஆண்டுகள் ஓடவில்லையா என்று கேட்கலாம். ஓடியது, ஆனால் அதற்கும் டி.எஸ். எலியட்டின் கவிதைகள் முன்பே எழுதி வைக்கப்பட்டிருந்தன.

ஏ.ஆர். ரஹ்மானின் ‘பாம்பே ட்ரீம்ஸ்’ பற்றியும் ஒரு வார்த்தை. 2002இல் லண்டனில் தொடங்கி அங்கே இரண்டு ஆண்டுகள் நடந்தது, 2004இல் பிராட்வே சென்று 284 காட்சிகளோடு முடிந்தது. கட்டுரையாளர் இதை அமெரிக்க ரசனையின் குறையாகப் பார்க்கிறார். ‘முதல்வ’னிலும் ‘உயிரே’யிலும் வேறு காட்சிகளுக்காகப் பிறந்த பாடல்கள் இந்தக் கதைக்குள் கொண்டுவரப்பட்டன என்பதையும் அவர் எண்ணிப் பார்த்திருக்கலாம். பாடல்களின் தரத்தில் எனக்கு ஐயமே இல்லை. அவை அந்தக் கதைமாந்தருக்கு உரியவையா என்பதே கேள்வி. பாட்டெழுதிய டான் பிளாக்கையும் கதை வசனம் எழுதிய மீரா சயாலையும் கட்டுரை பெயர் சொல்லிக்கூடக் குறிப்பிடவில்லை.

இக்கட்டுரை தொடராக வளரும் என்று அறிவித்திருக்கிறீர்கள். அடுத்த பகுதிகளில் ‘வெஸ்ட் சைட் ஸ்டோரி’யின் ஆர்தர் லாரன்ட்ஸ், ‘கம்பெனி’யின் ஜார்ஜ் ஃபர்த், ‘ஸ்வீனி டாட்’டின் ஹியூ வீலர் ஆகிய கதை வசனகர்த்தாக்களுக்கும் உரிய இடம் கிடைக்கும்படி கட்டுரையாளரைக் கேட்டுக்கொள்ளுமாறு வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
திருச்சிராப்பள்ளி.