செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

அன்புள்ள உறுப்பினர்களுக்கு வணக்கம்.

2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரை நம் பழைய பிரிட்டிஷ் லாரிச் சங்கத்தில் நடந்ததையும் நடக்காமல் போனதையும் இதில் எழுதியிருக்கிறேன். பொதுக்குழுவில் வாசிக்க வேண்டிய அறிக்கைதான். ஆனால் அன்று ஹாலில் இருந்தவர்கள் ஒன்பது பேர், அதில் இரண்டு பேர் பக்கத்து அறை யோகா வகுப்புக்கு வந்து கதவு மாறி நுழைந்தவர்கள், அதனால் எல்லோருக்கும் எழுத்திலேயே அனுப்பிவிடுவது என்று முடிவு செய்தேன். யாழ்ப்பாணத்து நண்பர்கள் 'லொறி' என்பார்கள், நான் 'லாரி' என்று எழுதுவேன். போன ஆண்டுக் கூட்டத்தில் இதற்கே நாற்பது நிமிஷம் போனது, இந்த ஆண்டு வேண்டாம்.

புதிதாகச் சேர்ந்த மூன்று பேருக்காக ஒரு வார்த்தை. ஒரு காலத்தில் பிரிட்டன் சாலைகளை நிறைத்து ஓடிய பெரிய சரக்கு லாரி கம்பெனிகளையும் அவற்றின் வண்டிகளையும் மறந்துபோகாமல் பார்த்துக்கொள்வதுதான் நம் வேலை. நம்மில் பாதிப் பேர் இங்கே டிப்போவிலும் கிடங்கிலும் பார்சல் ஆபீசிலும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள். மீதிப் பேர் எண்ணூரில் தயாரான அசோக் லேலண்ட் வண்டிகளைப் பார்த்து வளர்ந்துவிட்டு, இந்த நாட்டுக்கு வந்த பிறகுதான் லேலண்ட் என்பது லங்காஷயரில் ஓர் ஊரின் பெயர் என்று தெரிந்து ஆச்சரியப்பட்டவர்கள்.

ஆறு மாதாந்திரக் கூட்டங்கள் நடந்தன. பொங்கல் விருந்து நன்றாக நடந்தது. கோடைக்காலப் பிக்னிக் மழையால் நடக்கவில்லை. மேற்கு லண்டன் சவுத்தாலில் ஏ.இ.சி. லாரித் தொழிற்சாலை இருந்த இடத்தைச் சுற்றி ஒரு மாலை நடந்தோம். 1979-ல் மூடிய தொழிற்சாலை அது, மேமத் மேஜர் லாரிகள் பிறந்த இடம், இப்போது போய் நின்றால் காட்டுவதற்குப் பெரிதாக ஒன்றுமில்லை, ஆனால் சமோசா கிடைத்தது.

செப்டம்பர் கூட்டத்தைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல வேண்டும். நம் மூத்த உறுப்பினர் ஒருவர், முப்பது ஆண்டுகள் வண்டி ஓட்டியவர், தார்ப்பாய் போட்டுக் கயிறு கட்டும் பழைய முறையைச் செய்து காட்டினார். இன்றைக்குப் பக்கவாட்டில் திரை இழுத்து மூடும் வண்டிகளைத்தான் பார்க்கிறோம். அப்போதெல்லாம் தட்டையான பலகை வண்டிதான், சரக்கை அடுக்கி, மேலே தார்ப்பாயை மழை உள்ளே போகாதபடி மடித்து, கயிறு போட்டு இறுக்குவது டிரைவரின் பொறுப்பு. தொங்கும் கயிற்றில் நெஞ்சு உயரத்தில் ஒரு கண்ணி போடுகிறார், அதற்குக் கீழே இன்னொரு வளையம் விட்டு அதைப் பலகைக்கு அடியிலுள்ள கொக்கியில் மாட்டுகிறார், பிறகு நுனியைப் பிடித்து உடம்பின் மொத்த எடையையும் போட்டுக் கீழே தொங்குகிறார், கயிறு வீணைத் தந்தி மாதிரி விறைக்கிறது. இந்த முடிச்சுக்கு 'டாலி' என்று பெயர். நாமக்கல் பக்கம் கிளீனர் பையன்கள் கிட்டத்தட்ட இதையேதான் செய்வார்கள், பெயர் தெரியாமல். எழுபத்தெட்டு வயதில் அவர் இழுத்த இழுப்பில் ஹால் மேஜையின் கால் ஒன்று கழன்றது. மேஜைக்கான நஷ்டஈடு கணக்கில் வருகிறது.

சரி, பயணத்துக்கு வருகிறேன். லேலண்ட் ஊரிலுள்ள வணிக வாகன அருங்காட்சியகமும் அதற்கு வடக்கே ஷாப் மலையும், இரண்டு நாள், ஜூன் மாதம். பெயர் கொடுத்தவர்கள் பதினைந்து பேர். பதினாறு இருக்கை வேன் பேசி முன்பணமும் கொடுத்தாயிற்று. கிளம்பும் அன்று காலை ஆறு மணிக்கு நின்றவர்கள் ஏழு பேர். வராத எட்டுப் பேரில் இருவர் மட்டும் முந்தின இரவு தகவல் சொன்னார்கள், ஒருவர் வேன் வாட்ஃபோர்டைத் தாண்டிய பிறகு "நாளைக்குத்தானே?" என்று போன் செய்தார், மற்ற ஐந்து பேரிடமிருந்து இந்த அறிக்கை எழுதும் வரை ஒரு வார்த்தை இல்லை. பெயர்கள் என்னிடம் இருக்கின்றன, இங்கே போடவில்லை.

வந்த ஏழு பேரிலும் நான்கு பேர் அருங்காட்சியகத்தில் முதலில் ஓடிப்போய் நின்றது 1982-ல் போப்பாண்டவர் வந்தபோது லேலண்ட் செய்து கொடுத்த வண்டியின் முன்னால். லாரி பார்க்க இருநூறு மைல் வந்துவிட்டு! ஆனால் மறுநாள் ஷாப் மலையில் எல்லோரும் அடங்கிவிட்டார்கள். 1970-ல் எம்6 மோட்டார்வே திறக்கும் வரை மேற்குப் பக்கமாக ஸ்காட்லாந்து போகிற லாரி எல்லாம் பழைய ஏ6 சாலையில் இந்த மலையை ஏறித்தான் ஆக வேண்டும். உச்சியில் ஒரு நினைவுக் கல் இருக்கிறது, இந்தக் கடினமான பாதையில் வடக்கையும் தெற்கையும் இணைத்து வண்டி ஓட்டியவர்களுக்காக வைத்தது. அரசருக்கும் தளபதிக்கும் கல் வைக்கிற நாட்டில் லாரி டிரைவருக்கு ஒரு கல். காற்று ஆளைத் தள்ளியது. கல்லுக்கு ஒதுக்குப்புறமாக நின்று புளியோதரை சாப்பிட்டோம்.

மூத்தவர் தனக்கு வேலை கற்றுக் கொடுத்தவர்கள் சொன்ன கணக்கை அங்கே வைத்துச் சொன்னார். எட்டுச் சக்கர வண்டி, சரக்கோடு சேர்த்து 22 டன், கார்ட்னர் 6எல்டபிள்யூ எஞ்சின், 112 குதிரைசக்தி. இன்று 44 டன் வண்டிக்கு 500 குதிரைசக்திகூடப் போதவில்லை என்கிறார்கள். ஏற்றத்தில் பக்கத்தில் நடந்து வருகிறவனோடு பேசிக்கொண்டே போகலாமாம். சமதரையில் மட்டும் என்ன, 1957 வரை கனரக லாரிக்குச் சட்டப்படி மணிக்கு 20 மைல்தான், அப்புறம்தான் 30 ஆனது. பனிக்காலத்தில் ஏற முடியாமல் வரிசையாக வண்டிகள் நிற்க, டீக்கடையே ராத்தங்கலாகிவிடும். இதைக் கேட்கத்தான் போனோம், எட்டுப் பேர் கேட்கவில்லை. திரும்பி வரும்போது வேனில் ஹீட்டர் வேலை செய்யவில்லை என்பதற்கும் நான்தான் காரணம் என்று சிலர் பேசியதாகக் கேள்வி.

இப்போது சார்ட் விவகாரம். இதைப் பற்றி வாட்ஸாப்பில் நிறைய எழுதிவிட்டீர்கள், என் பக்கத்தையும் படியுங்கள்.

லாரி கம்பெனிகளில் யார் யாரை விழுங்கினார்கள் என்பதை ஒரே படத்தில் காட்ட வேண்டும் என்பது என் பல வருட ஆசை. சுவருக்கு ஒட்டும் காகிதச் சுருளின் பின்பக்கத்தில், பதினோரு அடி நீளம், ஏழு மாதம் உட்கார்ந்து போட்டேன். உச்சியில் நூற்றுக்கணக்கான மெல்லிய கோடுகள், ஒவ்வொன்றும் ஒரு கம்பெனி. 1947 சட்டப்படி தொலைதூர லாரி கம்பெனிகளை அரசு எடுத்துக்கொள்கிறது, 1948 முதல் கோடுகள் ஒவ்வொன்றாக வந்து ஒரே தடித்த சிவப்புப் பட்டையில் விழுகின்றன. அதுதான் பிரிட்டிஷ் ரோடு சர்வீசஸ், நம் பி.ஆர்.எஸ். பொதுச் சரக்குக்குச் சிவப்பு, பார்சலுக்குப் பச்சை, வீட்டுச் சாமான் மாற்றும் பிக்ஃபோர்ட்ஸுக்கு மட்டும் அதன் கருநீலம். கதவில் சிங்கமும் சக்கரமும். வண்டி எண்ணிலேயே ஊர் தெரியும், முன்னால் வரும் எண் மாவட்டம், அடுத்த எழுத்து கிளை, அதற்குப் பிறகுதான் வண்டியின் சொந்த எண். உச்சத்தில் ஏறக்குறைய 40 ஆயிரம் வண்டிகள். பிரிஸ்டலில் பஸ் கட்டிக்கொண்டிருந்த தொழிற்சாலையும் அப்போது அரசுடைமை, அதனால் அங்கேயே பி.ஆர்.எஸ்.ஸுக்கென்று எட்டுச் சக்கர லாரி கட்டினார்கள், அதை வெளியார் வாங்க முடியாது. தன் சொந்தச் சரக்கைத் தானே ஏற்றிப்போகும் 'சி' லைசென்ஸ்காரர்களை மட்டும் அரசு தொடவில்லை, அந்தக் கோடுகளைப் புள்ளிக்கோடாகப் போட்டிருக்கிறேன். அது அச்சுப் பிழை அல்ல.

ஆட்சி மாறியது. 1953-ல் எல்லாவற்றையும் விற்றுவிடு என்று இன்னொரு சட்டம், பட்டையிலிருந்து மறுபடி கோடுகள் பிரிகின்றன, பழைய முதலாளிகள் சிலரே வந்து வாங்குகிறார்கள். மொத்தமும் விற்று முடியவில்லை. 1956-ல் விற்றது போதும் என்று நிறுத்தி, மிச்சத்தை அரசே வைத்துக்கொண்டது. 1969-ல் அது நேஷனல் ஃப்ரைட் கார்ப்பரேஷன் என்ற அரசுச் சரக்குப் போக்குவரத்து நிறுவனத்தின் கீழ் வருகிறது. 1982-ல் அந்த முழு நிறுவனத்தையும் தொழிலாளர்களும் ஓய்வூதியக்காரர்களும் அவர்கள் குடும்பத்தாரும் சேர்ந்து அரசிடமிருந்து வாங்கினார்கள், விலை 5 கோடியே 35 லட்சம் பவுண்டு, பங்கு எடுத்தவர்கள் சுமார் பத்தாயிரம் பேர்.

நான் எடுக்கவில்லை. டிராஃபிக் ஆபீசில் கிளார்க்காக இருந்தேன், விண்ணப்பத்தாள் மூன்று வாரம் ரொட்டி டப்பாவுக்குப் பின்னால் கிடந்தது. லாரி கம்பெனியில் போய் யார் பணம் போடுவார்கள் என்று நினைத்தேன், அடுத்த மேஜைக்காரர் கடன் வாங்கிப் போட்டார். 1989-ல் பங்குச் சந்தைக்கு வந்தபோது அது எத்தனை மடங்காகியிருந்தது என்று என் மனைவியைக் கேளுங்கள், தேதியோடு சொல்வாள்.

அதன் பிறகு கோடு வேகமாக ஓடுகிறது. 2000-ல் ஓஷன் குரூப்போடு சேர்ந்து எக்ஸெல், 2005-ல் அதை ஜெர்மனி தபால் நிறுவனம் வாங்கி டி.எச்.எல். ஆக்குகிறது. சிவப்பில் தொடங்கிய பட்டை மஞ்சளில் முடிகிறது. பக்கத்துக் கிளையில், திமிங்கில வேட்டையில் பணம் பார்த்துப் பிறகு குளிர்பதனக் கிடங்குக்கு வந்த லீத் ஊர் கிறிஸ்டியன் சால்வசன் 2007-ல் பிரெஞ்சு லாரி கம்பெனி நார்பெர்ட் தாந்த்ரெசாங்கிளிடம் போகிறது, 2011-ல் டி.டி.ஜி. என்ற இன்னொரு பிரிட்டிஷ் லாரி கம்பெனியும் அங்கேயே போகிறது, 2015-ல் நார்பெர்ட்டையே அமெரிக்க எக்ஸ்.பி.ஓ. வாங்கிக்கொள்கிறது. சால்வசன் வண்டி ஓட்டிக்கொண்டிருந்த ஒருவர் சீட்டைவிட்டு எழுந்திருக்காமலே எட்டு வருஷத்தில் மூன்று கம்பெனி பார்த்துவிட்டார்.

புகார்கள் இரண்டு. ஒன்று, எடி ஸ்டோபார்ட்டை ஓரத்தில் போட்டுவிட்டேனாம். கம்பிரியாவில் ஹெஸ்கெட் நியூமார்க்கெட் என்ற கிராமத்தில் தனியாக முளைத்த கம்பெனி அது, இந்தப் பட்டையோடு சம்பந்தமில்லை, கோடு ஓரத்தில்தான் வரும். லாரிகளுக்கு ட்விக்கி, டாமி, டாலி என்று பெண் பெயர் வைத்ததும், டிரைவருக்கு டை கட்டிவிட்டதும், பிள்ளைகள் காரில் போகும்போது பெயர் எழுதிக் கணக்கெடுப்பதும் எனக்கும் தெரியும், என் பேரனே நோட்டு வைத்திருக்கிறான். இரண்டாவது, செலவு. அச்சடித்துக் கொடுத்த கடையில் பி.ஆர்.எஸ். சிவப்பு முதல் தடவை ரோஸ் நிறத்தில் வந்தது. அதை ஏற்றுக்கொண்டிருந்தால் பாதி விலையில் முடிந்திருக்கும். ரோஸ் நிற பி.ஆர்.எஸ். லாரியோடு என்னால் உங்கள் முகத்தில் விழிக்க முடியாது.

கணக்கு. வரவும் செலவும் ஏறக்குறைய சரிக்குச் சரி. ஹால் வாடகை, வேன் முன்பணம், மேஜைக் கால், தபால் போக மிச்சம் 'இதர செலவுகள்' என்ற தலைப்பில் இருக்கிறது, விவரம் பொருளாளரிடம். வரவு பற்றி மட்டும் தெளிவாகச் சொல்கிறேன். உறுப்பினர்கள் 41, சந்தா வருஷத்துக்கு 12 பவுண்டு, கட்டியவர்கள் 17. பொங்கல் விருந்துக்கு வந்தவர்கள் குடும்பத்தோடு 63.

டிசம்பரில் நம் உறுப்பினர் ஒருவர் காலமானார், ஸ்காட்லாந்து ராத்திரி டிரங்க், அதாவது இரவு நெடுந்தூர லாரி, ஓட்டியவர். அவர் வீட்டில் ஒரு பிஸ்கட் டின் நிறைய டிப்போ புகைப்படங்களும் லாக் தாள்களும் இருந்தன, கடைசியாக நான் போனபோது மூடியைத் திறந்து காட்டினார், மேலே இருந்த படத்தில் ஒரு அட்கின்சன் லாரி முன்னால் மூன்று பேர், ரேடியேட்டரில் பெரிய 'ஏ', ஒருவர் கையில் டீ கப். அடுத்த வாரம் வந்து எடுத்துக்கொள்கிறேன் என்றேன். வேலை வந்துவிட்டது. பிள்ளைகள் வீட்டைக் காலி செய்தபோது டின்னும் குப்பையோடு போய்விட்டது. அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. அந்த வாரத்தில் நான் சார்ட்டுக்குக் கோடு போட்டுக்கொண்டிருந்தேன்.

தலைவருக்கும் பொருளாளருக்கும் ஹால் சாவி கொடுக்கும் அம்மாவுக்கும் நன்றி. பொங்கலுக்குச் சமைத்த சகோதரிகளுக்கு நன்றி, போன ஆண்டு அறிக்கையில் விட்டுப்போனதற்கும் சேர்த்து.

அடுத்த ஆண்டு. ஹாலில் கட்டணத்தை உயர்த்துகிறார்கள். பதினேழு சந்தாவில் நான்கு கூட்டம் நடத்தலாம், ஐந்தாவது நடக்காது. எனக்கும் மூட்டுவலி, செயலாளர் பொறுப்புக்கு வேறு யாராவது முன்வந்தால் மனப்பூர்வமாக ஒப்படைக்கிறேன், மூன்று வருஷமாக இதையேதான் எழுதுகிறேன். உங்கள் வீட்டில் பிஸ்கட் டின் இருந்தால் ஒரு போன் செய்யுங்கள், இந்தத் தடவை அன்றைக்கே வருகிறேன். சார்ட்டைத் தொங்கவிட ஹாலில் அனுமதி கிடைக்கவில்லை, இப்போது என் வீட்டு மாடிப்படிக்கு அடியில் சுருட்டி வைத்திருக்கிறேன், பார்க்க வருகிறவர்கள் ஞாயிறு மதியம் மூன்று மணிக்கு மேல் வரலாம். சந்தாவையும் அப்போதே வாங்கிக்கொள்வேன், ரசீதுப் புத்தகம் ரொட்டி டப்பாவுக்கு முன்னால்தான் இருக்கிறது.

இப்படிக்கு,
செயலாளர்