மகனைப் பத்து நாள் முந்தியே அனுப்பு

அன்பின் ரவி,

உன் கடிதம் கிடைத்தது. மகன் கொழும்பில் டென்னிஸ் போட்டிக்கு வருகிறான் என்றதும் வீட்டில் எல்லாருக்கும் சந்தோஷம். சாந்தி இப்போதே அவனுக்கு அறை ஒதுக்கிவிட்டாள். நாங்கள் சுகம். அம்மாவின் முழங்கால் வலி குறைந்திருக்கிறது. பின்னேரங்களில் வெள்ளவத்தைக் கடற்கரைப் பக்கம் நடக்கிறார்.

போட்டிக்கு முதல்நாள் இரவு பஸ்ஸில் வந்து இறங்குவான் என்று எழுதியிருக்கிறாய். அதை மட்டும் மாற்று மச்சான். பத்து நாளாவது முந்தி அனுப்பு. நுவரெலியாவில் 1,900 மீற்றர் உயரத்தில், ஸ்வெட்டரோடு பயிற்சி தொடங்குகிற பிள்ளை அவன். இங்கே பத்து மணி வெயிலில் இரண்டாவது செட்டிலேயே தளர்ந்துபோவான். வெயிலைவிடப் புழுக்கம்தான் ஆளை விழுத்தும். வியர்வை ஆவியானால்தான் உடம்பு குளிரும். கொழும்புக் காற்றில் ஏற்கனவே ஈரம் நிறைந்திருப்பதால் அது ஆவியாகாமல் வழிந்தோடிவிடும். தண்ணீரும் போகும், சூடும் இறங்காது.

ஆனால் உடம்பு பழகும். தினமும் ஒரு மணி, ஒன்றரை மணி நேரம் இந்தப் புழுக்கத்தில் ஆடினால், முதல் சில நாட்களிலேயே இரத்தத்தின் நீர்ப்பகுதி கூடும். அதே ஆட்டத்துக்கு இதயம் குறைவாகத் துடிக்கும். அப்புறம் வியர்வை முந்தியே சுரக்கத் தொடங்கும், அதில் போகும் உப்பும் குறையும். முழுதாகப் பழக 10 முதல் 14 நாள் எடுக்கும். தலைசுற்றலோ மயிர்க்கூச்செறிப்போ வந்தால் உடனே நிறுத்தி நிழலுக்குப் போகவேண்டும் என்று அவனிடம் சொல்லிவை, நானும் பார்த்துக்கொள்வேன். இன்னொன்று, உங்கள் மெல்லிய காற்றில் பந்து விரைந்து பறக்கும். இங்கே சற்று மெதுவாக வரும். அதற்கும் அவன் கை பழகவேண்டும்.

கிரகரி வாவியைச் சுற்றித் தினமும் ஓடவிடுகிறாயாம். அடித்தளத்துக்கு நல்லதுதான், ஆனால் டென்னிஸ் ஆட்டம் அப்படி ஒரே சீராக ஓடுவதில்லை. பெரும்பாலான புள்ளிகள் 10 விநாடிக்குள் முடியும், அடுத்த சேர்வுக்கு 25 விநாடி வரை கிடைக்கும். அந்தப் பாய்ச்சலுக்கான சக்தி பெரும்பாலும் தசையில் சேமித்திருக்கும் கிரியேட்டின் பொஸ்பேட் என்ற பொருளிலிருந்து வருகிறது. இடைவெளியில் ஒட்சிசன் உதவியோடு அது திரும்ப நிரம்புகிறது. ஆகவே ஓட்டத்தை வாரத்துக்கு இரண்டு நாளாகக் குறை. மற்ற நாட்களில் பேஸ்லைனில், அதாவது மைதானத்தின் பின்கோட்டில், 10 விநாடி பக்கவாட்டில் பாய்ந்து, 20 விநாடி மூச்சு வாங்கட்டும்.

சாப்பாட்டுக்குப் புதிதாக ஒன்றும் வாங்கவேண்டாம். ஆட்டத்துக்கு மூன்று மணி நேரம் முந்தி இடியப்பம், சொதி, ஒரு முட்டை. முதல்நாள் இரவு எண்ணெய்க் கொத்து வேண்டவே வேண்டாம். ஆட்டம் நீண்டால் மணிக்கு 30 முதல் 60 கிராம் மாச்சத்து உள்ளே போகவேண்டும். பக்கம் மாறும்போது ஒரு கதலிப்பழம், நாலு மிடறு பானம், அவ்வளவுதான்.

அந்தப் பானத்தில்தான் நான் பிடிவாதம். எல்லாரும் செவ்விளநீர் என்பார்கள். எனக்கும் அது பிடிக்கும், ஆனால் அதில் நிறைய இருப்பது பொட்டாசியம். வியர்வையில் அதிகம் போவது சோடியம். வெறும் தண்ணீரை லீற்றர் கணக்கில் குடித்தாலும் இரத்தத்தில் உப்பு நீர்த்துப்போகும். ஒரு லீற்றர் தண்ணீரில் கால் தேக்கரண்டி உப்பு, நாலு மேசைக்கரண்டி சீனி, பாதித் தேசிக்காய்ப் புளி. சாந்தி போத்தலில் கலந்து குளிரவைத்துக் கொடுப்பாள்.

1989 பிரெஞ்சு ஓப்பனில் 17 வயது மைக்கேல் சாங் தசைப்பிடிப்போடு வாழைப்பழம் சாப்பிட்டுக்கொண்டே, கீழ்க்கையால் சேர்வ் போட்டு, அப்போதைய உலக முதல்நிலை வீரர் இவான் லெண்டிலை வென்றது உனக்கு நினைவிருக்கும். அவனுடைய நெஞ்சுரத்தை இன்றைக்கும் வியக்கிறேன். ஆனால் தசைப்பிடிப்புக்கு வாழைப்பழம் மட்டும் மருந்தாகாது. தசையின் களைப்பு, உப்பு இழப்பு இரண்டையும் முன்கூட்டியே பார்க்கவேண்டும்.

ஆடும் முன்னும் பின்னும் அவன் எடையை நிறுத்துப் பார்ப்பேன். ஒரு கிலோ குறைந்திருந்தால் ஒன்றரை லீற்றர் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கவேண்டும். பிறகு சோறும் மீன்குழம்பும் பருப்பும், வயிறு நிறைய.

பள்ளி லீவுதான் சிக்கல் என்றால், பாடப் புத்தகங்களையும் கொடுத்துவிடு. வெயில் ஏறிய பிறகு இங்கே இருந்து படிக்கலாம். பஸ் ஏறும் நாளை எழுது, புறக்கோட்டையில் நான் வந்து நிற்கிறேன்.

அன்புடன்,
சிவா